ஓரத்தில் நின்றவர்கள் எங்கே?

(மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்குமாக நடந்த ஒருநாள் புகைப்படப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கூப்பிட்டவங்க 'புகைப்படத்தின் அரசியல்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய தலைப்பு எனக்குத் தாங்காது. நான் ஸ்டுடியோவில் டார்க்ரூம் வேலை பார்த்தவன். டிரே கழுவினவன். அதனால கத்தரிக்கோலைப் பற்றி மட்டும் பேசுறேன். ஒரு படத்தை எங்கே வெட்டுகிறோம், வெட்டினால் அர்த்தம் என்ன ஆகிறது, வெட்டுறது யாரு. இவ்வளவுதான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் ஒரு சேரியில் ஒரு சாவு. பிணத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று தகராறு. சுத்திப் போக வழி இல்ல, வயல்ல தண்ணி நிக்குது. பிணம் வாசல்லயே கிடக்கு. போலீஸ் வந்து நிக்குது. ஸ்டுடியோ முதலாளிகிட்ட கேமராவைக் கேட்டு வாங்கிக்கிட்டு நான் போனேன். ஒரு ரோல் கறுப்பு வெள்ளை, முப்பத்தாறு படம். அதுல ஒண்ணு நல்லா விழுந்திருந்தது. இருபது வயசுத் தம்பி ஒருத்தன். கையில அரிவாள். வாயைத் திறந்து கத்துறான், கழுத்து நரம்பு புடைச்சிருக்கு. நான் எடுக்கிறது அவனுக்குத் தெரியாது.

அந்தப் படத்தின் இடது ஓரத்தில் வரிசையாக லத்திகள். வலது ஓரத்தில் பாதி கட்டிய பாடை, வெட்டிப் போட்ட பச்சை மூங்கில், தென்னை ஓலை. தம்பி பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தான். கட்டக் கயிறு இல்லை. "கயிறு கொண்டாங்கடா"ன்னு கத்தினான். நான் பக்கத்துல நின்னவன், என் காதால கேட்டேன்.

ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர் படம் கேட்டார். எட்டுக்குப் பத்து பிரிண்ட் வேணும் என்றார். இங்கே ஒரு கணக்கு இருக்கு, கவனிங்க. நம்ம 35 எம்.எம். நெகடிவ் 36 மில்லிமீட்டர் அகலம், 24 உயரம். உயரத்தை 8 அங்குலமாகப் பெருக்கினால் அகலம் 12 அங்குலம் வரும். பேப்பர் இருப்பதோ 10. ரெண்டு அங்குலம் வெளியே போயாகணும். பன்னிரண்டில் இரண்டு, அதாவது படத்தில் ஆறில் ஒரு பங்கு. எந்தப் பக்கம் போகணும்னு என்லார்ஜரில் நிற்கிறவன் முடிவு பண்ணணும். நான் தம்பியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். 'கம்போசிசன்' பாத்தேன். பாடை போயிடுச்சு.

மிச்சத்தைப் பத்திரிகை ஆபீசில் செஞ்சாங்க. ரெண்டு பத்திக்கு அடக்க இடது பக்கத்தை வெட்டினார்கள். லத்தியும் போச்சு. காலையில் பேப்பரில் வந்தது அரிவாளோடு கத்துகிற ஒரு கறுத்த பையன். கீழே 'பதற்றம்' என்று ஒரு வார்த்தை. அந்தக் கட்டிங்கை வைத்து அவன் பெயரை வழக்கில் சேர்த்தார்கள். பதினெட்டு நாள் உள்ளே இருந்தான். நெகடிவ் என்கிட்ட இருந்ததால முழுப் படத்தையும் போட்டு வக்கீலிடம் கொடுத்தோம், ஜாமீன் கிடைத்தது. பத்திரிகையைத் திட்டி நான் பேசாத மேடை இல்லை. ஆனால் பாடையை வெட்டினது பத்திரிகை இல்ல. நான். சேரிக்காரன், இயக்கக்காரன், அந்தச் சாவுக்கு அழுதவன். எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை, பேப்பர் சைஸ் இருந்தது. நடுவுல இருக்கிறதுதான் முக்கியம், ஓரத்துல இருக்கிறது போனாப் போகட்டும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அதனால், சதிகாரர்கள் மட்டுமே வெட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு யாரும் இங்கிருந்து எழுந்து போய்விடாதீர்கள்.

சொல்லாமல் எடுக்கிற படத்தை 'கேண்டிட்' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு லத்தீன் மொழியில் வேர் 'வெண்மை' என்பது. நம்ம ஊர்ல 'வெள்ளந்தி' என்கிறோமே, அதுமாதிரி. ஒளிவு மறைவு இல்லாதது, அதனால் உண்மையானது என்று ஒரு மரியாதை அதற்கு உண்டு. ஸ்டுடியோவுக்கு நம்ம ஜனங்க படம் எடுக்க வந்தா என்ன கேப்பாங்க தெரியுமா? "கால் தெரியுதா? முழுசா எடு தம்பி." தன் எல்லையைத் தானே சொல்வார்கள். தலையிலிருந்து கால் வரை நான், இதில் எதையும் விடாதே என்று அர்த்தம். சொல்லாமல் எடுக்கிற படத்தில் இந்த உரிமை முதலில் பறிபோகிறது. எடுக்கும்போதும் கேட்பதில்லை, வெட்டும்போதும் கேட்பதில்லை. பார்க்கிறவனோ 'நடிப்பில்லாத படம்' என்று நம்புகிறான். அந்த நம்பிக்கையின் மேல்தான் கத்தரி ஓடுகிறது.

'படம் எடுக்கிறதே ஒரு வெட்டுத்தானே, எல்லாத்தையும் எவன் காட்ட முடியும்?' என்று கேட்கலாம். சரிதான். கேமராவைக் கண்ணில் வைத்ததுமே நாலு பக்கமும் உலகத்தை வெட்டுகிறோம். பட்டனை அழுத்தும் கணத்துக்கு முன்னும் பின்னும் காலத்தை வெட்டுகிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. களத்தில் நிற்கிறவனுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாது. மேசையில் உட்கார்ந்து வெட்டுகிறவனுக்குத் தெரியும். இருப்பதைப் பார்த்த பிறகு எடுத்துவிடுகிறான். பார்த்தவனுடைய பொறுப்பு வேற.

வெட்டுவதே குற்றம் என்றும் நான் சொல்ல வரவில்லை. பிரெஞ்சுக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன் தன் படங்களை யாரும் வெட்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். ஆனால் 1932இல் பாரிஸில் சான் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிற மனிதனை அவர் எடுத்த படம் வெட்டப்பட்ட படம்தான். வேலிப் பலகைகளின் இடுக்கில் லென்சை வைத்து எடுத்தார். பலகை ஒரு பக்கம் மறைத்தது. அதை நீக்கினார். அங்கே போனது ஒரு பலகை. என் படத்தில் போனது ஒரு பாடை. ரெண்டும் ஒண்ணு இல்ல.

தொழில் விதிகள் இதை எப்படிப் பார்க்கின்றன? 2010இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில், உக்ரைனைச் சேர்ந்த ஸ்டெபான் ரூதிக் என்பவருக்குக் கொடுத்த பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கீவ் நகரத்தில் தெருச் சண்டைக்காரர்களைப் பற்றிய படத்தொடர். அதில் ஒரு படம், கைக்குக் கட்டுப் போடுவது. அவர் பெரிய படம் ஒன்றை எடுத்து, அதில் பெரும்பகுதியை வெட்டித் தள்ளி, அந்தக் கையை மட்டும் வைத்திருந்தார். அதற்காக அவரைத் தண்டிக்கவில்லை. பின்னணியில் ஒருவருடைய பாதத்தின் சின்னத் துண்டு தெரிந்தது, அதைக் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார். பரிசு போனது அதுக்குத்தான். அழிரப்பர் கூடாது, கத்தரிக்கோல் கூடும். இதுதான் அந்த உலகத்தின் நியாயம். ஒருவகையில் சரி: அழிப்பது இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் கத்தரி முழு மனிதர்களை வெளியே தள்ளினாலும் விதிகள் பல நேரம் அதைக் கண்டுகொள்வதில்லை. விதி பேசாத இடத்தில் நாம்தான் பேச வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு படத்துக்கு வருவோம். 1972 ஜூன் 8, வியட்நாமில் திராங் பாங். நாபாம் குண்டில் உடம்பு வெந்து, துணியில்லாமல் சாலையில் ஓடிவருகிற ஒன்பது வயதுச் சிறுமி கிம் புக். ஏ.பி. நிறுவனத்தின் நிக் உட் எடுத்ததாக உலகம் அறிந்த படம். 2025இல் எடுத்தது அவர்தானா என்ற கேள்வி பெரிதாக எழுந்து, வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு அவர் பெயரை நிறுத்தி வைத்தது. ஏ.பி. அவர் பெயரையே வைத்திருக்கிறது. எடுத்தவர் பெயர்கூட ஒரு ஓரத்தில் நின்றவரின் பெயராக இருக்கலாம் என்பது நமக்கு ஒரு பாடம். நான் சொல்ல வந்தது வேறு. நாம் பார்த்த படம் வெட்டியது. முழுப் படத்தில் வலது பக்கம் இன்னொரு புகைப்படக்காரர் குனிந்து தன் கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவரை வெட்டினதும் குழந்தைகளின் ஓலம் மட்டும் நம்மை நோக்கி வருகிறது. போருக்கு எதிரான படமாக அது நின்றதில் அந்த வெட்டுக்குப் பங்கு உண்டு. அதே வெட்டு, அங்கே செய்தியாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், துன்பம் ஒன்று படமாகிக்கொண்டிருந்தது என்ற உண்மையையும் எடுத்துவிட்டது. எது சரி? நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முழு நெகடிவ் பத்திரமாக இருந்ததால்தான் இன்றைக்கு நாம் இந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது. வெட்டு மாற்ற முடியாததாக ஆகக் கூடாது.

இப்போ கறுப்பர்களின் போராட்டத்திலிருந்து ஒன்று. நம்ம பத்திரிகைகளுக்கு ரொம்ப வேண்டியது. 1935 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ரூபின் ஸ்டேசி என்ற கறுப்பர் கும்பலால் மரத்தில் தூக்கிலிடப்பட்டார். அந்தப் படத்தில் பிணத்தைச் சுற்றி வெள்ளைக்காரச் சிறுமிகள், நல்ல உடுப்பு உடுத்தி, வேடிக்கை பார்த்து நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் இப்படிப் படங்களை வெள்ளையர்கள் காசு கொடுத்து வாங்கி அஞ்சலட்டையாக வைத்துக்கொண்டார்கள். என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பர் உரிமை அமைப்பு அதே படத்தைத் துண்டறிக்கையாக அச்சிட்டது. வெட்டவில்லை. கீழே எழுதியதன் சாரம் இது: தொங்குகிறவரைப் பார்க்காதே, அவர் துன்பம் முடிந்துவிட்டது, சுற்றி நின்று பார்க்கிற இந்த வெள்ளைக் குழந்தைகளைப் பார், இவர்கள் மனசு என்ன ஆகும் என்று யோசி.

பாருங்க தோழர்களே. கத்தரியைத் தொடாமல், படிக்கிறவனின் கண்ணை நடுவிலிருந்து ஓரத்துக்குத் திருப்பினார்கள். கொலையானவரை விட்டுக் கொன்ற சமூகத்தைப் பார்க்க வைத்தார்கள். பின்னால் கென் கொன்சாலஸ் டே என்ற கலைஞர் இன்னொரு எல்லைக்குப் போனார். இப்படிப்பட்ட பழைய படங்களிலிருந்து பிணத்தையும் கயிற்றையும் நீக்கி, மரத்தையும் கூட்டத்தையும் மட்டும் காட்டினார்.

நாம என்ன செய்யறோம்? ஒரு படுகொலை நடந்தால் நம் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் வருவது எது? வெட்டுப்பட்ட உடம்பு, மார்பில் அடித்து அழுகிற அம்மா. சுற்றி நின்ற ஊர்க்காரன் முகத்தை நாமே வெட்டிவிடுகிறோம். தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற பெரிய மனுசன், மரத்தடியில் டீ குடிக்கிற போலீஸ்காரர், பூட்டிய கோயில், எரியாத வீடுகள். இதெல்லாம் ஓரத்தில் இருக்கும். எரிந்த குடிசைக்குப் பக்கத்தில் எரியாத மாடிவீடு தெரிகிற படம்தான் சாதியைக் காட்டுகிற படம். குடிசையை மட்டும் நெருங்கி எடுத்தால் அது தீவிபத்துப் படம்.

பிணத்தைக் காட்டவே கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. 1955இல் மிசிசிப்பியில் பதினாலு வயசுப் பையன் எம்மெட் டில் கொல்லப்பட்டபோது, சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்து வைத்தவர் அவன் அம்மா மேமி டில். கறுப்பர்களின் 'ஜெட்' பத்திரிகை அந்தப் படத்தை வெளியிட்டது. அங்கே முடிவு செய்தது தாய். யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு சங்கடமான படத்தையும் பேசியாகணும். 2002 பிப்ரவரி 28, அகமதாபாத். நெற்றியில் காவித் துணி, கையில் இரும்புக் கம்பி, பின்னால் புகை, இரண்டு கையையும் விரித்து நிற்கிற தாடிக்காரர். செபாஸ்டியன் டிசோசா எடுத்தது. குஜராத் படுகொலையின் முகமாக உலகம் முழுக்கப் போனது. அந்த மனிதர் அசோக் மோச்சி. நடைபாதையில் செருப்புத் தைப்பவர். நம்மாள். 2014இல் கேரளத்தில், கும்பிட்ட கையோடு அழுகிற படத்தால் அறியப்பட்ட குத்புதீன் அன்சாரியோடு ஒரே மேடையில் உட்கார்ந்தார். 2016இல் உனா போராட்டத்துக்கு வந்தார். அவரை நான் விடுதலை செய்ய வரவில்லை. அந்தக் கம்பியை அவர் கையில் வைத்திருந்தது உண்மை. ஆனால் அந்தச் சட்டகத்துக்குள் இருப்பது செருப்புத் தைக்கிற ஒருவரின் முகம் மட்டும். திட்டம் போட்டவர், பட்டியல் வைத்திருந்தவர், அந்தச் சாவுகளால் லாபம் அடைந்தவர் எவருடைய முகமும் அதில் இல்லை. அந்தப் படத்தை நெஞ்சில் வைத்திருக்கிற உலகம் கொலைக்கு நம் முகத்தைக் கொடுத்துவிட்டது. இது கத்தரி வெட்டு இல்லை, பார்வையின் வெட்டு. அன்சாரி படமும் அவரை ஆயுளுக்கும் கும்பிட்ட கையோடு நிறுத்திவிட்டது. ரெண்டு பேருமே தங்கள் படத்திலிருந்து வெளியே வர வருசக்கணக்காகப் போராடியவர்கள்.

இப்போ சமீபத்தில் நடந்தது. 2020 ஜனவரி 24, சுவிட்சர்லாந்தில் டாவோஸ். உலகப் பணக்காரர்கள் கூடுகிற ஊர். பருவநிலைக்காகப் போராடும் ஐந்து இளம்பெண்கள் நிற்கிறார்கள். ஸ்வீடனின் கிரேட்டா துன்பர்க் உட்பட நாலு பேர் வெள்ளையர். ஐந்தாவது, உகாண்டாவின் வனெஸ்ஸா நகாடே. இடது ஓரத்தில் நின்றார். ஏ.பி. அனுப்பிய படத்தில் நாலு பேர்தான். நகாடேயின் இடத்தோடு அவர் வெட்டப்பட்டிருந்தார். காரணம் கேட்டபோது வந்த பதில்: அவசரத்தில் அனுப்பியது, பின்னால் ஒரு கட்டடம் உறுத்தியது, கம்போசிசனுக்காக வெட்டியது. இந்த வார்த்தையை நான் எங்கே கேட்டேன்? என் டார்க்ரூமில், என் வாயில்.

நான் அந்த விளக்கத்தை நம்புகிறேன். நம்புவதால்தான் பயம் வருகிறது. வெறுப்போடு வெட்டினால் எதிரி யாரென்று தெரியும். கட்டடத்தை வெட்டும்போது கூடவே ஒரு பெண் போவது கண்ணுக்கே உறைக்கவில்லை என்றால், அந்தக் கண்ணை யார் செய்தது? நிறுவனம் பிறகு முழுப் படத்தையும் வெளியிட்டது, ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். நகாடே தன்னை மட்டும் பேசவில்லை. ஒரு கண்டத்தையே அழித்தீர்கள் என்றார். நடுவில் நின்றிருக்கலாமே என்று சிலர் அவருக்குப் புத்தி சொன்னார்கள். வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் ஆப்பிரிக்கர்கள் நடுவில்தான் நிற்கணுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். நம்மையும் இப்படித்தானே கேட்கிறார்கள்? 'நீ ஏன் முன்னால வந்து உக்காரல?' என்று. உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்டவருக்கும் தெரியும்.

மனுசன்தான் இப்படி, மிஷின் நேர்மையாக இருக்கும் என்றார்கள். ட்விட்டர் நிறுவனம் 2018இலிருந்து பெரிய படங்களைத் தானாக வெட்டிக் காட்டியது. மனிதர்கள் படத்தில் எங்கே முதலில் பார்க்கிறார்கள் என்ற தரவை வைத்துப் பழக்கிய நிரல் அது. 2020இல் ஜனங்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே படத்தில் வெள்ளை முகமும் கறுப்பு முகமும் இருந்தால் வெள்ளை முகத்தை எடுக்கிறதே என்று கேட்டார்கள். 2021இல் நிறுவனமே தன் ஆய்வை வெளியிட்டது: சமநிலையிலிருந்து வெள்ளையர் பக்கம் 4 சதவீதச் சாய்வு, வெள்ளைப் பெண்ணையும் கறுப்புப் பெண்ணையும் ஒப்பிட்டால் 7 சதவீதம். தானாக வெட்டுவதையும் கைவிட்டது. நாலு சதவீதம் சின்ன எண்தானே என்று தோன்றும். கோடிக்கணக்கான படங்களில் அது எத்தனை முகம் என்று கணக்குப் போடுங்க. மிஷினுக்குச் சாதியும் நிறமும் தெரியாது. நம் கண்ணுக்குத் தெரிந்ததை அது படித்துக்கொண்டது.

சரி, செய்ய வேண்டியது என்ன? நாலு காரியம் சொல்றேன்.

ஒண்ணு. முழுப் படத்தை அழிக்காதீங்க. அன்றைக்கு நெகடிவ், இன்றைக்குப் போனில் இருக்கிற அசல் கோப்பு. வெட்டணும்னா நகல் எடுத்து வெட்டுங்க. அந்தத் தம்பியை வெளியே கொண்டுவந்தது என் அறிவு இல்லை, நெகடிவ் கவர்.

ரெண்டு. படத்தோடு நாலு வரி எழுதி வையுங்க. இடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன, எனக்குப் பின்னால் என்ன, அதற்கு முந்தின நிமிசம் என்ன. 'கயிறு கொண்டாங்கடா' என்று அன்றைக்கே பிரிண்டின் பின்பக்கம் எழுதியிருந்தால் 'பதற்றம்' என்று போட்டவனுக்குக் கொஞ்சம் கூச்சமாவது வந்திருக்கும்.

மூணு. வெட்டுவதற்கு முன்னால், போகப்போகிற பகுதியைத் தனியாகப் பாருங்க. டார்க்ரூமில் 'ட' மாதிரி ரெண்டு அட்டை வைத்து நகர்த்திப் பார்ப்போம். அட்டைக்கு உள்ளே இருப்பதைத்தான் எல்லாரும் பார்ப்போம். நீங்க வெளியே மிஞ்சுவதைப் பாருங்க. அங்கே ஒரு ஆள் இருக்கா? ஒரு ஆயுதம் இருக்கா? ஒரு காரணம் இருக்கா? இருந்தால் கையை எடுத்துடுங்க.

நாலு. காப்பாற்றுவதற்காக வெட்டுங்க. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளம் எந்த வகையிலும் வெளியே தெரியக் கூடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 72ஆம் பிரிவு. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் அறம். அந்தப் பெண்ணின் முகம் மட்டுமல்ல, வீட்டுக் கதவு, தெருப்பெயர், பள்ளிச் சீருடை எல்லாம் அடையாளம்தான். ஊர்வலப் படத்தை வெளியிட்டால் அடுத்த நாள் வேலைக்குப் போக முடியாமல் போகிறவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களைக் கேளுங்க. வெட்டச் சொன்னால் வெட்டுங்க. இதே கத்தரிதான், ஆனால் யாருக்காகப் பிடிக்கிறோம் என்பது மாறுகிறது.

கடைசியாக ஒண்ணு. அந்தத் தம்பி இப்போ ஐம்பதைத் தாண்டியவர். முழுப் படத்தை ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். தன் முகத்தைப் பார்க்கவில்லை. பாடையைத்தான் பார்த்தார். "அண்ணே, அன்னிக்கு அதைக் கட்டி முடிக்க விட்டாங்களா?" என்று கேட்டார். அதற்குள் அவரை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். வேறு ஆட்கள் கட்டி முடித்தார்கள். அதையும் நான்தான் படம் எடுத்திருந்தேன், அடுத்த நெகடிவ். முப்பது வருசத்தில் அதை ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் பிரிண்ட் போடவில்லை.

அதைப் போட்டு எடுத்து வந்திருக்கேன். வெட்டாமல். பின்னாடி மேசையில இருக்கு, எல்லாரும் பாத்துட்டுப் போங்க. முதலில் ஓரத்திலிருந்து பாருங்க.

ஜெய்பீம்.